கராஜ் சேலில் வாங்கிய கட்டிலும் வந்து சேர்ந்த கள்ள நோட்டும்

அமெரிக்காவில் சனிக்கிழமை காலைகளில் கராஜ் சேல் (வீட்டு வாசலில் பழைய சாமானைப் பரப்பி விற்பது) சுற்றுகிறவர்களும், வீடு மாற்றும்போது நாமே ஒன்று போடலாமே என்று நினைப்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். வாங்கப் போன இடத்தில் ஒரு முறையும் விற்க உட்கார்ந்த இடத்தில் ஒரு முறையும் நாங்கள் ஏமாந்தோம். பணமாகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து நூற்று நாற்பத்தைந்து டாலர். ஆனால் முதல் விஷயம் பணத்தோடு போகிற விஷயம் இல்லை.

நாங்கள் இருந்தது டல்லாஸை ஒட்டிய ஒரு புறநகர். வெயில் ஏறுவதற்கு முன்னால், ஏப்ரல் மே மாதங்களில், தெருவுக்கு ஒரு கராஜ் சேல் இருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பெரியவளுக்கு முதல் சைக்கிள் பத்து டாலருக்கு அப்படித்தான் கிடைத்தது. படப் புத்தகங்கள் ஒன்று இருபத்தைந்து சென்ட். இருபது டாலருக்கு வாங்கிய தையல் மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. இப்படி நல்லதாகவே அமைந்ததால் யாரையும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இரண்டாவது குழந்தை வயிற்றில் ஏழு மாதமாக இருக்கும்போது ஒரு பெரிய வீட்டு வாசலில் குழந்தைக் கட்டிலைப் பார்த்தோம். கிரிப் என்று இங்கே சொல்வார்களே, அது. வெள்ளைப் பெயின்ட், கீறல் இல்லை. அறுபது சொன்னார், பேரம் பேசி நாற்பத்தைந்துக்கு முடித்தோம். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், மரியாதையாகப் பேசினார். கட்டிலின் ஒரு பக்கக் கிராதியைச் சர்ரென்று கீழே இறக்கிக் காட்டி, குனியாமலே குழந்தையைத் தூக்கலாம் என்றார். எனக்கு முதல் பிரசவம் சிசேரியன். தையல் ஆறுகிற நாட்களில் குனிந்து நிமிர்வது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வசதிக்காகவே வாங்கினேன்.

வீட்டில் பூட்டும்போது பார்த்தால் திருகாணிகளில் ஒன்று குறைந்தது. இன்னொன்று அந்தக் கட்டிலுக்கு உரியதே இல்லை, கடையில் வாங்கிப் போட்ட போல்ட். எப்படியோ பூட்டிவிட்டு என் கணவர் கிராதியைப் பிடித்து லேசாக உலுக்கினார். கீழ்மூலையில் இருந்த பிளாஸ்டிக் பிடி ‘டக்’கென்று தடத்தை விட்டுக் கழன்றது. மெத்தைக்கும் கிராதிக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு இடைவெளி. நான் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போனது. மேலே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியவில்லை, கிராதி நிமிர்ந்துதான் நின்றது.

அடியில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரித்த ஆண்டு 2007 என்று இருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து தேடினோம். இப்படிப் பக்கவாட்டுக் கிராதி இறங்குகிற கட்டில்களை 2011 ஜூன் 28 முதல் அமெரிக்காவில் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. கடைக்கு மட்டும் இல்லை, கராஜ் சேலில் பழையதாக விற்பதற்கும் அதே தடைதான். சும்மா கொடுப்பதும் கூடாது. கிராதி கழன்று, அந்தச் சந்தில் குழந்தை நழுவிச் சிக்கி மூச்சு முட்டுவதுதான் காரணம். 2000-க்குப் பிறகு தடை வருவதற்குள் குறைந்தது 32 குழந்தைகள் இந்த வகைக் கட்டில்களில் இறந்ததாக நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொன்னது. அந்த எண்ணைப் படித்தபோது வயிற்றில் கை வைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போனோம். முதலில், தன் பிள்ளைகள் மூன்று பேரும் அதில்தான் வளர்ந்தார்கள் என்றார். தடையைப் பற்றி என் கணவர் சொன்னதும், அதனால்தான் அந்த விலைக்குக் கொடுத்தேன் என்றார். தெரிந்தேதான் விற்றிருக்கிறார்! ஏழு மாத வயிற்றோடு நான் முன்னால் நின்றபோது தெரிந்தே விற்றிருக்கிறார். கராஜ் சேலில் கொடுத்ததைத் திருப்பி வாங்கும் பழக்கம் கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். ரசீதும் இல்லை. நாற்பத்தைந்து டாலருக்கு எங்கே போய் நிற்பது?

பழைய சாமானில் குழந்தைப் பொருள் என்றால் நான் இப்போது அடியில் இருக்கும் சீட்டைத்தான் முதலில் பார்க்கிறேன். மாடல் எண்ணைப் போனில் தட்டினால் திரும்பப் பெறப்பட்டதா என்று ஆணையத்தின் தளத்திலேயே தெரிந்துவிடும். 2019-ல் ஒரே நிறுவனத்தின் சாய்வுத் தொட்டில்கள் மட்டும் கிட்டத்தட்ட 47 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. அவை எல்லாமா திரும்பிப் போயிருக்கும்? கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே ஒரு கோக் கேன் நுழைந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். கார் சீட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு, பிளாஸ்டிக்கின் பின்பக்கமோ அடியிலோ இருக்கும். விபத்தில் அடிபட்ட சீட்டா என்பது விற்கிறவருக்கு மட்டுமே தெரியும் என்பதால், முன்பின் தெரியாதவரிடம் கார் சீட் வாங்குவதையே நான் விட்டுவிட்டேன்.

இனி விற்ற கதை. ஒன்றரை வருடம் கழித்து வேறு மாநிலத்தில் வேலை மாறியது. பாதிச் சாமானை விற்றுவிடலாம் என்று நாங்களே கராஜ் சேல் போட்டோம். எங்கள் நகராட்சியில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும், மின்கம்பத்தில் அட்டை ஒட்டக் கூடாது. எல்லாம் முறைப்படி செய்தோம். எட்டு மணிக்கு ஆரம்பம் என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தும், ஆறு நாற்பதுக்கே இரண்டு வேன் வந்து நின்றது. வாங்கி விற்கும் வியாபாரிகள் அவர்கள். 2007-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் கராஜ் சேலில் 3 டாலருக்கு வாங்கிய வெள்ளைக் கிண்ணம் ஆயிரம் வருஷத்துச் சீனப் பீங்கானாம். 2013-ல் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்த மாதிரி ஒன்று நம் பெட்டியிலும் இருக்குமோ என்று தேடி வருகிறவர்களிடம் காத்திருக்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள். நாங்கள் மேசையைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டிகளைத் திறந்தார்கள். ஒருவர் பாத்ரூம் போகலாமா என்று வீட்டுக் கதவைக் கை காட்டினார். விடவில்லை. நீங்களும் விடாதீர்கள், அந்தக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் ஒரு பெண்மணி வந்தார். ஒரு டேபிள் விளக்கும் இரண்டு பொம்மையும் எடுத்தார், பதினைந்து டாலர். நூறு டாலர் நோட்டை நீட்டினார். காலையில் முதல் போணி, தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. என்னிடம் கள்ள நோட்டுக்குக் கோடு போடும் பேனா இருந்தது. போட்டேன், கறுக்காமல் மஞ்சளாகவே நின்றது, அப்படி நின்றால் நல்ல நோட்டு என்பார்கள். கையில் எடுத்தாலும் அசல் நோட்டின் அதே மொடமொடப்பு. சில்லறைக்கு வைத்திருந்ததில் எண்பத்தைந்தை எண்ணிக் கொடுத்தேன். கிளம்பும்போது சின்னவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை வங்கியில் கவுண்ட்டரில் இருந்தவர் நோட்டை விளக்குக்கு நேராகப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அச்சில் இருப்பது பிராங்க்ளின் முகம். அதற்கு வலப்பக்கம், காகிதத்துக்குள்ளே நிழலாகத் தெரிய வேண்டியதும் அதே பிராங்க்ளின்தான். ஆனால் அங்கே தாடியோடு லிங்கன் இருந்தார். நோட்டுக்குள் ஓடும் இழையில் யுஎஸ்ஏ ஃபைவ் என்று பொடி எழுத்தில் இருந்தது. அசலான ஐந்து டாலர் நோட்டை வெளுத்து, அதன்மேல் நூறாக அச்சடித்திருக்கிறார்கள். அந்தப் பேனா காகிதத்தில் மாவுச்சத்து இருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். காகிதமே அரசாங்கக் காகிதம் என்றால் பேனாவுக்கு என்ன தெரியும்? இதைத் தடுப்பதும் ஒரு காரணமாகத்தான் 2008-ல் வந்த ஐந்து டாலர் நோட்டில் லிங்கன் நிழலை எடுத்துவிட்டு 5 என்ற எண்ணை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஐந்துகளும் செல்லும் என்பதால் ஏமாற்றுகிறவர்களுக்கு அவையே போதும்.

நோட்டை வங்கி எடுத்துக்கொண்டது, பதிலுக்கு ஒன்றும் தராது. விளக்கும் போச்சு, பொம்மையும் போச்சு, எண்பத்தைந்தும் போச்சு. தெரிந்தவர் ஒருவர், பேசாமல் பெட்ரோல் பங்க்கில் மாற்றியிருக்கலாமே என்றார். தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். தெரிந்தே அடுத்தவரிடம் தள்ளினால் அது சிறைக்குப் போகிற குற்றம், விசாவில் இருக்கிற நமக்கு ஊரை விட்டே அனுப்பக்கூடிய விஷயம். அதோடு, நமக்கு நடந்ததை இன்னொருவருக்கு நாமே செய்வது எந்த வகையில் சரி?

ஐம்பது, நூறு வாங்குவதில்லை என்று அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெளிச்சத்தில் பிடித்து முகத்தைப் பாருங்கள், பத்து விநாடிகூட ஆகாது. 2013 அக்டோபருக்குப் பிறகு வந்த நூறாக இருந்தால் நெய்து விட்ட மாதிரி நீலப் பட்டை இருக்கும். போனில் பணம் அனுப்பிவிட்டேன் என்று தங்கள் திரையைக் காட்டுவார்கள். நம் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் சாமானைக் கொடுக்காதீர்கள்.

அந்தக் கட்டில் அன்றைக்கும் எங்கள் கராஜின் மூலையில், பிரித்துக் கட்டியபடி நின்றது. பதினோரு மணிக்கு ஒரு தமிழ்த் தம்பதி வந்தார்கள், அந்தப் பெண்ணுக்கு ஐந்து ஆறு மாதம் இருக்கும். “அக்கா, அந்தக் கட்டில் எவ்ளோ?”

“அது விக்கிறதுக்கு இல்லம்மா.”

“முப்பது தரோம்க்கா. எங்க அண்ணன் வீட்லயும் இதே மாதிரிதான்.”

ஒரு பக்கத்தை நிமிர்த்தி, அந்தப் பிளாஸ்டிக் பிடியைக் கழற்றிக் காட்டினேன். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கணவர் அப்போதே தள்ளிப் போய் அண்ணனுக்குப் போன் போட்டார்.

அன்று சாயங்காலம் ரம்பத்தை எடுத்து நான்கு கிராதிகளையும் நடுவில் அறுத்தோம். முழுசாக வாசலில் வைத்தால் குப்பை வண்டி வருவதற்குள் யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால், ஆபத்து, குழந்தைக்கு வேண்டாம் என்று ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதினேன். இரவு ஒரு பிக்கப் வந்து நின்றது. ஒருவர் இறங்கி டார்ச் அடித்துப் படித்தார், துண்டுகளை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.