கடற்கரை வீட்டுக்கு லாப்ரடாரா, சிப்பிப்பாறையா?

குழந்தைகளோடு பழகுவதில் லாப்ரடாரை மிஞ்ச வேறு நாய் இல்லை. வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் வாசலுக்கு வருகிற யாரையும் உறவாக எண்ணி ஓடிப்போய் வரவேற்கும் என்பதால், காவலுக்கு அதை நம்ப முடியாது. தமிழ்நாட்டு வேட்டை நாயான சிப்பிப்பாறை நேர்மாறு. வீட்டாரிடம், அதிலும் ஒருவரிடம், உயிராக ஒட்டிக்கொள்ளும். அந்நியரைக் கண்டால் ஒதுங்கி நின்று கவனிக்கும். அதட்டினால் முரண்டு பிடிக்கும்.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை நம் கரையில் நாய் வாங்குகிறவர்கள் குணத்தோடு ரோமத்தையும் பார்க்க வேண்டும். லாப்ரடார் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு உழைத்த நாய்களின் வழிவந்தது. குளிர்கடலுக்கு ஏற்ற இரட்டை ரோமம் அதற்கு. சித்திரை வெயிலில் பத்து மணிக்குமேல் அதை நடத்திச் செல்வது கொடுமை. பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரில் ஆனந்தமாக நீந்தும். பிறகு அடிரோமம் வரை உப்புப் போக நல்ல தண்ணீரில் அலச வேண்டும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது கூடுதல் செலவு. தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கினால் புண்ணாகும். சிப்பிப்பாறைக்கோ ஒட்டிய குட்டை ரோமம். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

பெரிய கவலை லாப்ரடாரின் பசி. ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியை அடக்கும் மரபணுவில் ஒரு துண்டே இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வலையிலிருந்து உதறிய பேத்தை மீன் மணலில் கிடக்கும்; அதன் நஞ்சு நாயைக் கொன்றுவிடும். இரை மாட்டிய தூண்டில் முள்ளையும் லாப்ரடார் விழுங்கப் பார்க்கும். கரையில் அதைக் கயிறில்லாமல் விடவே கூடாது. சிப்பிப்பாறைக்கும் கயிறு வேண்டும், காரணம் வேறு. முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். ஓடுகிற ஆட்டுக்குட்டியோ கோழியோ கண்ணில் பட்டால் நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. தெருவெல்லாம் ஆடு மேயும் ஊரில் இது பெரிய வம்பில் முடியும்.

ராஜபாளையம் நாய் கேட்பவர்களும் உண்டு. அந்த வெள்ளைக் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கும். வாங்குமுன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

சுற்றுச்சுவரும் ஓடியாட இடமும் இருந்தால் சிப்பிப்பாறைதான் என் தேர்வு. சின்னக் குழந்தைகளும், பகல் முழுதும் நாயைக் கவனிக்க ஓர் ஆளும் இருக்கிற வீட்டுக்கு லாப்ரடார். காலையில் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு போகிற வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.