நாள் முழுக்க எழுத்தைப் பார்ப்பவருக்கு எந்தத் திரை? எல்சிடி, ஓஎல்இடி, இ-இங்க்

மானிட்டர் வாங்கப் போகிறவருக்கு இன்று எல்லோரும் சொல்லும் யோசனை ஓஎல்இடி. கருப்பு அப்படிக் கருப்பாக இருக்கும், நிறம் கொட்டும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ஐடி வேலையில் இருப்பவர் திரையில் பார்ப்பது பெரும்பாலும் எழுத்து. நிரல், லாக் கோப்பு, மின்னஞ்சல், விரிதாள், மறுபடியும் நிரல். காலையிலிருந்து மாலை வரை எழுத்தைப் படிக்கும் கண்ணுக்கு எது நல்லது என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் இந்த மூன்று திரைகளையும் நான் எடைபோடுகிறேன். படம் பார்க்கவும் விளையாடவும் என்றால் ஓஎல்இடிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. வேலை மேசைக்கு என்றால் என் ஓட்டு பிக்சல் அடர்த்தி மிகுந்த ஐபிஎஸ் எல்சிடிக்கு. ஐபிஎஸ் என்பது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை.

மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு. எல்சிடி தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எல்இடி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பி அந்த ஒளியை வெளியே விடுகின்றன, அல்லது மறிக்கின்றன. முழுதாக மறிக்க முடியாது, கொஞ்சம் கசியும். இருட்டறையில் ஐபிஎஸ் திரையின் கருப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தனி விளக்கு. மிக மெல்லிய கரிமச் சேர்மப் படலத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒளி, நின்றால் இருட்டு. ஈஸ்ட்மன் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இன்றைய ஓஎல்இடியின் வம்சம் தொடங்குகிறது. இ-இங்க் திரையில் விளக்கே தேவையில்லை. தலைமுடியின் பருமனே உள்ள நுண்குமிழ்களுக்குள் வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அறை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புகிறது, காகிதத்தைப் போலவே.

முதலில் விற்பனைத் தாள்களில் பெரிய எழுத்தில் வரும் எண்ணைப் பார்த்துவிடுவோம்: கான்ட்ராஸ்ட், அதாவது கருப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு. சாதாரண ஐபிஎஸ் திரைக்கு ஏறத்தாழ 1000க்கு 1. ஓஎல்இடிக்கு 10 லட்சத்துக்கு 1 என்று போடுவார்கள். கருப்பு முழு இருட்டு என்பதால் எந்த எண்ணையும் போடலாம். ஆனால் இந்த அளவெல்லாம் இருட்டறையில் எடுத்தது. விளக்கு எரியும் அறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசை மேல் 300 லக்ஸ் வெளிச்சம் என்று வைத்துக்கொள்வோம், அலுவலகங்களில் சாதாரணமாக இருப்பது அவ்வளவு அல்லது அதற்கு மேல். அதே வெளிச்சம் திரை மேல் பட்டு அதில் நூற்றில் ஒரு பங்கு சிதறித் திரும்பினாலே கருப்பின் மேல் ஏறக்குறைய 1 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) ஒளி படிந்துவிடும். வெள்ளையை 250 நிட்டில் வைத்தால் ஓஎல்இடியின் கான்ட்ராஸ்ட் 250க்கு 1 ஆகிவிடுகிறது. ஐபிஎஸ்ஸில் கசிவு கால் நிட்டையும் சேர்த்துக்கொண்டால் 200க்கு 1. இருட்டில் ஆயிரம் மடங்கு இருந்த இடைவெளி, விளக்கைப் போட்டதும் வெறும் ஒன்றேகால் மடங்காகச் சுருங்கிவிட்டது. க்யூடி-ஓஎல்இடி என்ற ஓஎல்இடி வகையில் முன்பக்கம் வெளி ஒளியை அடக்கும் போலரைசர் படலம் கிடையாது என்பதால் வெளிச்சமான அறையில் அதன் கருப்பு இன்னும் வெளிறிப்போகும்.

இ-இங்க் திரையின் கான்ட்ராஸ்ட்டோ வெறும் பத்து, பதினைந்து மடங்குதான். அச்சிட்ட செய்தித்தாளும் அந்த வட்டாரத்தில்தான் நிற்கும். இருந்தும் மணிக்கணக்கில் அலுக்காமல் படிக்கிறோம். படிப்பதற்கு வேண்டிய கான்ட்ராஸ்ட் எல்லாத் திரையிலும் எப்போதோ வந்துவிட்டது. அதற்கு மேல் வருவது சினிமாவுக்கு.

படிப்பதற்கு உண்மையில் வேண்டியது கூர்மை. நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது 0.175 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலத்துக்கு சுமார் 145 பிக்சல். இப்போது மேசையில் இருக்கும் திரைகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் அங்குலத்துக்கு 92 பிக்சல். 27 அங்குல 1440பி திரையில் 109. 27 அங்குல 4கே திரையில் 163. முதல் இரண்டும் கண்ணின் திறனுக்குக் கீழே, மூன்றாவது தாண்டிவிட்டது. நல்ல இ-இங்க் வாசிப்புக் கருவிகளில் 300, கைபேசிகளில் 400க்கும் மேல்.

ஆங்கில எழுத்துக்கு 92 பிக்சலில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். தமிழுக்கு முடியாது. 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் தமிழ் ஆவணம் ஒன்றைச் சிறிய எழுத்தில் திறந்து, ‘மன்னன்’, ‘மண்ணில்’ என்ற சொற்களை அருகருகே பாருங்கள். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே சாம்பல் முடிச்சாகக் கலந்திருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி சில இடங்களில் எழுத்தோடு ஒட்டிக்கொண்டு, சில இடங்களில் காணாமலே போயிருக்கும். ‘ணு’, ‘னு’ எது எது என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது, வாக்கியத்தை வைத்து ஊகிக்க வேண்டும். அந்த ஊகம் நமக்குத் தெரியாமலே நடக்கிறது, ஆனால் மாலையில் நெற்றிப் பொட்டில் வலியாக வந்து நிற்கிறது. அதே பக்கத்தை 163 பிக்சல் திரையில் அதே அளவில் திறந்தால் ஒவ்வொரு சுழியும் தனித்தனியாக நிற்கும். நிரலிலும் இதே கதைதான்: அரைப்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும், சுழியத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் உள்ள வேறுபாடு ஓரிரு பிக்சலில் அடங்கிவிடுகிறது. திரை மாற்றியதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இந்த ஒன்றுதான். நிறம், கருப்பு, வேகம் எதுவும் இதன் பக்கத்தில் வராது.

இதில் ஓஎல்இடிக்கு இன்னொரு சிக்கல். எல்சிடியில் ஒரு பிக்சல் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக நிற்கும் மூன்று பட்டைகள். மைக்ரோசாஃப்டின் கிளியர்டைப் போன்ற முறைகள் அந்தப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் விளிம்பை நுணுக்கமாகத் தீட்டும்படி எழுதப்பட்டவை. பெரும்பாலான ஓஎல்இடி மானிட்டர்களில் பட்டைகளின் அமைப்பே வேறு: சிலவற்றில் நான்காவதாக வெள்ளை, சிலவற்றில் முக்கோண வடிவ அடுக்கு. பழைய கணக்கில் தீட்டிய எழுத்து இங்கே வந்ததும் விளிம்பில் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் கசிகிறது. வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்தைப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். 2025இல் 27 அங்குல 4கே ஓஎல்இடி மானிட்டர்கள் சந்தைக்கு வந்தபின் பிக்சல் சிறுத்து, இந்தக் குறை வெகுவாகத் தணிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய 1440பி ஓஎல்இடியை எழுத்து வேலைக்கு யாரும் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது தழும்பு. பர்ன்-இன் என்கிறார்கள். ஓஎல்இடியின் கரிமச் சேர்மங்கள் எரிய எரியத் தேய்கின்றன. திரை முழுதும் ஒரே சீராகத் தேய்ந்தால் பரவாயில்லை. நம் வேலையில் அது நடக்காது. கீழே டாஸ்க்பார், இடப்பக்கம் கோப்புப் பட்டியல், மேலே மெனு வரிசை என எல்லாம் நாள் முழுக்க அதே இடத்தில்தான். நண்பர் ஒருவரின் ஓஎல்இடி மானிட்டரில் சாம்பல் நிறப் பக்கம் ஒன்றைத் திறந்தால், எடிட்டரின் கோப்புப் பட்டியல் நின்ற இடம் கொஞ்சம் மங்கலாக, நேர்கோட்டு விளிம்போடு தெரிகிறது. அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனக்கு ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும். படத்தை நுண்ணளவில் நகர்த்துவது, ஓய்வில் இருக்கும்போது பிக்சல்களைச் சமன்செய்வது என்று உற்பத்தியாளர்கள் போராடுகிறார்கள். பர்ன்-இன்னுக்கே மூன்று ஆண்டு உத்தரவாதம் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல ஐபிஎஸ் மானிட்டர் பத்தாண்டு உழைக்கும் பொருள்.

தேய்மானத்தின் மூலம் நீலத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் அறிவியல் மிக அழகானது. கரிமப் படலத்தில் மின்னூட்டங்கள் சந்திக்கும்போது ஆற்றல் ஏறிய மூலக்கூறுகள் பிறக்கின்றன: நான்கில் ஒரு பங்கு சிங்லெட் என்ற நிலையில், மூன்று பங்கு டிரிப்லெட் என்ற நிலையில். சாதாரண ஒளிரும் மூலக்கூறு முதல் வகையை மட்டும் ஒளியாக்கும். மீதி பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். இரிடியம் போன்ற கன உலோக அணுவைச் சேர்த்தால் இரண்டையும் ஒளியாக்கலாம் என்ற பாஸ்பரசன்ட் வழி 1998இல் திறந்தது. சிவப்பும் பச்சையும் அந்த வழிக்கு மாறி வெகுகாலம் ஆயிற்று. நீலம் மட்டும் அடம்பிடித்தது. நீல ஒளிக்கு வேண்டிய ஆற்றல், அதைத் தரும் மூலக்கூறின் பிணைப்பையே முறித்துவிடும் அளவுக்கு அருகில் இருப்பதால், நீண்ட நாள் உழைக்கும் நீலச் சேர்மம் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே நீலம் இன்னும் பழைய முறையில்தான் பெரும்பாலும் எரிகிறது. அதிக மின்சாரம் கேட்கிறது, சீக்கிரம் களைக்கிறது. முழுத்திரை வெள்ளை ஆவணத்தைத் திறந்தால் ஓஎல்இடி மானிட்டர் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்வதற்கும் மின்சாரச் செலவும் சூடும்தான் காரணம். வெள்ளைப் பக்கம்தான் நமக்கு வேலை.

அப்படியானால் டார்க் மோடு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், இரவில் நானும் போடுகிறேன். ஆனால் பகலில் திரை இருண்டால் கண்மணி விரிகிறது. கண்மணி விரிந்தால் கண் வில்லையின் குறைகள் கூடுதலாகத் தெரியும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) உள்ளவர்களுக்குக் கருப்பில் வெள்ளை எழுத்து ஒளிவட்டம் கட்டிக்கொண்டு நிற்கும். எழுத்துப் பிழை தேடும் வேலையை வைத்துச் செய்த ஆய்வுகளில் வெள்ளையில் கருப்பு எழுத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம். திரையைக் காப்பாற்ற நம் கண்ணை மாற்றிக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

சிமிட்டல் பற்றி ஒரு வார்த்தை. ஓஎல்இடி கைபேசிகள் பலவும் வெளிச்சத்தைக் குறைக்க, பிக்சலை நொடிக்குச் சில நூறு முறை அணைத்து எரிக்கின்றன. எல்லோருக்கும் இது தொந்தரவு இல்லை, சிலருக்குத் தலைவலி. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, இருட்டில் திரைக்கு முன்னால் விரலை வேகமாக ஆட்டிப் பாருங்கள். விரல் கலைந்த நிழலாகத் தெரிந்தால் சரி. தனித்தனி விரல்களாக எண்ண முடிந்தால் திரை சிமிட்டுகிறது. இன்றைய ஐபிஎஸ் மானிட்டர்கள் பலவற்றில் மின்னோட்டத்தையே கூட்டிக் குறைப்பதால் இந்த வம்பு இல்லை.

இ-இங்க் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம், அதன்பிறகு படம் தானாக நிற்கும். ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் வரும். வெயிலில் மற்ற இரண்டும் தோற்கும் இடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். நீண்ட தொழில்நுட்ப நூல்களையும் வடிவமைப்பு ஆவணங்களையும் நான் இதில்தான் படிக்கிறேன். அறிவிப்பு எதுவும் குறுக்கிடாத ஒரு கருவியில் படிப்பது தனிச் சுகம். ஆனால் இதை மானிட்டராக்கும் முயற்சி எனக்கு ஒப்பவில்லை. 2021இல் டாசங் நிறுவனம் 25 அங்குல இ-இங்க் மானிட்டரையே கொண்டுவந்தது. துகள்கள் திரவத்தில் நீந்தித்தான் இடம் மாற வேண்டும். சாம்பலின் 16 படிநிலைகளோடு சுத்தமாக மாற ஏறத்தாழ அரை நொடி. வேகமான முறைக்கு மாற்றினால் சாம்பல் போய்விடும், முந்தைய பக்கத்தின் சாயை பின்னால் தங்கிவிடும். ஆயிரம் வரி லாக் கோப்பை உருட்டித் தேடும் கைக்கு அது ஒத்துவராது.

நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடி பற்றிக் கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குறுகிய காலத்தில் அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைகிறது, அதனால் கண் காய்கிறது. அதை எந்தத் திரையும் தீர்க்காது. எழுந்து தொலைவில் பார்த்துவிட்டு வருவதுதான் வழி.

ஆக மேசைக்கு 27 அங்குல 4கே ஐபிஎஸ், படிக்க இ-இங்க், பைக்குள் ஓஎல்இடி கைபேசி. கைபேசியில் 400 பிக்சல் அடர்த்தி இருப்பதால் பட்டை அமைப்பு தெரியாது. அடிக்கடி மாற்றும் பொருள் என்பதால் தழும்பும் பெரிய கவலை இல்லை. மடிக்கணினி வாங்குகிறவர் வெளிச்சம் 400 நிட் தருகிறதா என்று பார்க்கட்டும், எந்த வகை என்பது அதற்குப் பிறகுதான்.

என் ஓட்டு மாற இடம் இருக்கிறது. 2024 ஐபேட் ப்ரோவில் ஆப்பிள் இரண்டு ஓஎல்இடி அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது. சுமை இரண்டாகப் பிரிவதால் ஒவ்வோர் அடுக்கும் மெதுவாகத் தேய்கிறது. 2025இல் எல்ஜி டிஸ்பிளே, நீல பாஸ்பரசன்ட்டை இத்தகைய ஈரடுக்குத் திரையில் வணிக அளவுக்குக் கொண்டுவர முடியும் என்று உறுதிசெய்ததாக அறிவித்தது. அதிலும் ஓர் அடுக்கு இன்னும் பழைய முறை நீலம்தான். இரண்டு அடுக்கிலும் புது நீலம் ஏறி, 27 அங்குல 4கே மானிட்டராக, மூன்று பட்டைகளும் வரிசையாக நிற்கும் அமைப்போடு அது வரும் நாளில் என் மேசை ஐபிஎஸ்ஸை மாற்றத் தயாராக இருக்கிறேன்.