ஃபோர்க்லிஃப்டில் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோக எது சரி: கிளட்சா, டார்க் கன்வெர்ட்டரா, ஹைட்ரோஸ்டாட்டிக்கா?

கிளட்ச் வண்டியைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். எஞ்சின் சக்தி வழுக்காமல் சக்கரத்துக்குப் போகும், ரிப்பேரும் சுலபம். ஆனால் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஓட்டுகிற வேலையில் பிளேட் தேய்ந்துகொண்டே இருக்கும், புது டிரைவர் கையில் கொடுத்தால் சொல்லவே வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது ஆயில்தான். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீச, எதிரே டர்பைன் சுற்றும். திரும்பி வரும் ஆயிலை நடுவில் நிற்கும் ஸ்டேட்டர் மடக்கி, இம்பெல்லர் சுற்றும் திசைக்கே அனுப்புவதால், லோடோடு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் (சுழற்றும் விசை) சுமார் 2 முதல் 3 மடங்கு வரை கூடும். வழுக்குவதில் போகும் சக்தி முழுக்கச் சூடாகிறது, அதனால் கூலரும் ஆயில் அளவும் சரியாக இல்லாவிட்டால் தொல்லைதான்.

ஸ்டேட்டருக்குள், அதை ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் ஒருவழி கிளட்ச் இருக்கிறது. அது பிடிக்காமல் போனால் வண்டி கிளம்பத் திணறும், சரிவில் ஏறாது, ஆனால் ஓட ஆரம்பித்தபின் சாதாரணமாக இருக்கும். மாறாக இறுகிவிட்டால் கிளம்புவதில் குறை தெரியாது; வேகம்தான் எடுக்காது, ஆயிலும் கொதிக்கும்.

இழுவை இல்லை என்றதும் கன்வெர்ட்டரைக் கழற்றுவது பெரிய பாவம். முதலில் ஸ்டால் டெஸ்ட் பாருங்கள்: ஃபோர்க்கை இறக்கி, எதிரே ஆள் இல்லாமல், பிரேக்கை அழுத்திக் கியர் போட்டு முழு ஆக்சிலரேட்டர், அதுவும் 5 விநாடிக்குள். மேனுவலில் சொன்னதைவிட ஆர்பிஎம் அதிகமாக ஏறினால் கியர்பாக்ஸின் கிளட்ச் பேக் (கியரைப் பிணைக்கும் பிளேட் அடுக்கு) வழுக்குகிறது, இல்லையென்றால் ஆயில் பிரஷர் குறைவு. ஏறாமல் தாழ்வாக நின்றால் எஞ்சின் வலு இல்லை அல்லது ஸ்டேட்டர் பிடிக்கவில்லை.

ஹைட்ரோஸ்டாட்டிக்கில் (லிண்டே வண்டிகள் இதற்குப் பேர்போனவை) பம்ப் அனுப்பும் ஆயிலில் மோட்டார் சுற்றும், பெடலில் இருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக மெதுவாகும், அங்குலக் கணக்கில் நகர்த்த அதற்கு ஈடில்லை. ஆனால் ஆயிலில் கொஞ்சம் தூசி இறங்கினாலும் பம்ப் கீறல் விழுந்து போகும், ரிப்பேர் செலவு கனம்.

லாரிக்குள் ஏறி இறங்கி ஓயாமல் திசை மாற்றும் வேலை என்றால் ஹைட்ரோஸ்டாட்டிக்தான். மற்றபடி கலவையான வேலைக்கு என் ஓட்டு கன்வெர்ட்டருக்கு, டிரைவர் இன்ச்சிங் பெடல் (கிளட்ச் பேக்கைத் தளர்த்தி வண்டியை மெல்ல நகர்த்தும் பெடல்) மேலேயே கால் வைத்து ஓட்டாதவரை. அப்படி ஓட்டினால் கிளட்ச் பேக் கருகி, அந்தத் தூள் ஆயிலில் கலந்து கன்வெர்ட்டருக்கும் போய்ச் சேரும்.