ரெஸ் அர்கானா: எட்டு கார்டும் ஒரு மச்சானும்

ரெஸ் அர்கானா என்ற கார்டு ஆட்டத்தின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தஞ்சாவூர் நண்பன் கேட்டிருந்தான். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின ராத்திரிதான் மச்சானிடம் தோற்றிருந்தேன். அதனால் நியாயம் இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு எட்டே கார்டு. ரம்மிக்குக் கையில் பிடிப்பதே 13. இங்கே எட்டையும் ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டு, கிடைத்த இரண்டு மந்திரவாதிகளில் ஒருவரை வைத்துக்கொண்டு, கலைத்து மூன்றை எடுக்கிறோம். என்ன வரும் என்பது தெரியும், எப்போது வரும் என்பதுதான் தெரியாது. வந்த கார்டு இப்போதைக்கு உதவாது என்றால் தள்ளிவிட்டு ஒரு தங்கக் காசோ, தங்கம் அல்லாத மற்ற நிறக் காசு ஏதாவது இரண்டோ எடுத்துக்கொள்ளலாம். அதனால் 'எனக்குச் சீட்டே விழலை' என்று மூக்கால் அழ வழியில்லை. தோற்றால் நாம்தான் தோற்றோம். மூன்றாவது ரவுண்டில் எஞ்சின் ஓட ஆரம்பித்து, சும்மா உட்கார்ந்திருந்த கார்டெல்லாம் ஆளுக்கொரு காசாகக் கொட்டும் பாருங்கள், அந்தச் சுகத்துக்காகவே திரும்பத் திரும்ப இதை எடுக்கிறோம்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. கார்டில் பெயரைத் தவிர அநேகமாக எழுத்தே கிடையாது, எல்லாம் படம்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பெயரை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துக்கொண்டாள். "பச்சை ரெண்டு, கறுப்பு ஒண்ணு குடுடா" என்று கேட்டு வாங்கி, டிராகன் ஒன்றை இறக்கிவிட்டாள். அதைப் பயன்படுத்தப் பக்கவாட்டில் சாய்த்தால் எதிரில் இருப்பவர்கள் பச்சையை இழக்க வேண்டும். பச்சை இல்லாதவர் ஒவ்வொன்றுக்கும் வேறு இரண்டு கட்ட வேண்டும். என்னிடம் பச்சை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் சாய்த்தாள். பெற்ற பிள்ளை என்ற இரக்கமெல்லாம் கிடையாது.

இப்போது மச்சானுக்கு வருவோம். நீடாமங்கலம் பக்கம் விவசாயம். மன்னார்குடிக்கு உரம் வாங்க வந்தால் ராத்திரி எங்கள் வீட்டில்தான். நல்ல மனிதர், ஆனால் பாஸ் சொல்லமாட்டார்.

விதிப்படி ஒரு முறைக்கு ஒரு செயல்தான். செய்ய ஒன்றும் இல்லாதவர் பாஸ் சொல்லி, மந்திரப் பொருளை மாற்றிக்கொண்டு, ஒரு கார்டு எடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவார். அதற்கு அப்புறம் மீதி ஆள் ஒருவர்தான் என்றால், அவரிடம் காசு தீரும்வரை அவர் மட்டுமே ஆடலாம். மச்சான் அந்த இடத்துக்காகவே பிறந்தவர். ஒரு கார்டைச் சாய்ப்பார். வந்த சிவப்பை வைத்து இன்னொன்று. அதில் வந்த தங்கத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மாப்ள, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்பார். அந்த ஒண்ணே ஒண்ணு முடிவதற்குள் நான் வாசலில் கோலமாவு டப்பாவை எண்ணிவிட்டு வந்துவிடலாம். தலைமடைக்காரர் மடையை அடைத்தால்தானே கடைமடைக்கு நமக்குத் தண்ணீர்? "மச்சான், முடிச்சிட்டீங்களா?" என்றால் என் மனைவி முறைக்கிறாள், அவள் அண்ணன் ஆயிற்றே.

இதற்கு ஒரு வைத்தியமும் செய்து பார்த்தோம். முதலில் பாஸ் சொன்னவருக்கு விதியே ஒரு பாயிண்ட் தருகிறது, கூடவே சும்மா உட்காரும் நேரமும் கிடைக்கிறது, அதனால் அவர்தான் எல்லோருக்கும் காபி போட வேண்டும் என்று வீட்டுச் சட்டம் போட்டோம். அப்புறம் ஒருத்தரும் முதலில் பாஸ் சொல்லவில்லை. ரவுண்டு இன்னும் நீண்டது, காபியும் வரவில்லை.

எனக்கு எரிச்சல் மச்சான் மேல் இல்லை, உருவாக்கியவர் மேல்தான். டாம் லேமனுக்கு இது தெரியாத விஷயமா? 2007-இல் அவர் செய்த ரேஸ் ஃபார் த கேலக்ஸி என்ற கார்டு ஆட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள், காத்திருப்பே இல்லை. அதே மனிதர் 2019-இல் இதைச் செய்துவிட்டு நம்மைக் கொட்டாவி விட வைக்கிறார். ஆனால் ஒன்று, அடுத்தவர் ஒவ்வொரு காசாகச் செலவழிப்பதைப் பார்த்து நம் கணக்கை மாற்றுவதுதான் இங்கே ருசி. எல்லோரும் ஒன்றாக ஆடினால் அது போய்விடும். தெரிகிறது. தெரிந்தும் கோபம் வருகிறது.

இருவர் ஆடினால் இந்தத் தொல்லை பாதிதான். நானும் மனைவியும் அரை மணியில் முடித்துவிட்டு இன்னொரு ஆட்டம் போடுவோம். இந்த அலமாரியில் இருப்பதிலேயே நான் அதிகம் எடுக்கும் பெட்டி இதுதான்.

வாங்கலாமா என்றால், வேண்டாம். ஸ்ப்ளெண்டர் வாங்கு, பைக் இல்லை, அதே பெயரில் உள்ள ஆட்டம். ஒரு செயல் செய்தாயா, அடுத்த ஆள், முடிந்தது. இதன் ஆழத்தில் பாதிகூட அதில் இல்லை, இருந்தாலும் ராத்திரி தூக்கம் வரும்.

கேட்காமல் வாங்குவாய் என்பதும் தெரியும். அப்படியானால் முதல் நாளே எல்லாக் கார்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுவிடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கத்து ஈரத்துக்குக் கார்டு அப்பளமாக வளைந்துவிடும். எட்டு கார்டில் ஒன்று வளைந்தாலும் அடுத்து வருவது எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். மச்சான் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்.