முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு வேறொன்று

அம்மாவின் மேல் முன்பல்லுக்கு உறை போட்டு 8 வருடம் ஆகிறது. உள்ளே உலோகம், வெளியே போர்சலின். பல் இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் முரசு கொஞ்சம் மேலே ஏறியதும் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியத் தொடங்கிவிட்டது. போன வருடம் கோணேசர் கோயிலில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அம்மா வாயை மூடிக்கொண்டே நிற்கிறார்.

உலோகம் ஒளியை விடாது. அதன் கருமையை மறைக்க அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வேறு பூச வேண்டும். அதனால்தான் அந்த உறை கிட்டத்தில் பார்க்கும்போது உயிரில்லாமல் தெரிகிறது. முன்பல்லுக்கு என் தெரிவு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான். ஈமேக்ஸ் என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இயற்கைப் பல்லைப் போல ஒளியைக் கொஞ்சம் உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒன்றைக் கவனியுங்கள்: வேர்ச் சிகிச்சை செய்து கறுத்துப்போன பல்லென்றால், அந்தக் கறுப்பும் ஊடே தெரியும். அப்படியான பல்லுக்கு ஒளி புகாத சிர்கோனியா (மிக உறுதியான வெள்ளைப் பீங்கான்) அடித்தளமும் மேலே போர்சலினும் நல்லது.

கடைவாய்க்கு யோசிக்கவே வேண்டாம், முழுச் சிர்கோனியா. லித்தியம் டைசிலிகேட்டின் வளைவு வலிமை, அதாவது வளைக்கும்போது உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 400 மெகாபாஸ்கல். வழக்கமான சிர்கோனியா 1000-ஐத் தொடும். என் கீழ்க் கடைவாயில் இருப்பது அதுதான், நண்டுக்கால் கடித்தாலும் அசையவில்லை. சரி, எல்லாச் சிர்கோனியாவும் ஒன்றா? இல்லை. ஒளி அதிகம் புகும் புது வகைகள் அழகு, ஆனால் வலிமை குறைவு. எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கடி சரிபார்த்துத் தேய்த்த இடத்தைத் திரும்ப மெருகேற்றச் சொல்லுங்கள். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல் தேயும்.

உலோகப் போர்சலின் உறையைக் குப்பை என்று சொல்ல மாட்டேன். கடைவாயில், செலவு குறைய வேண்டுமென்றால், இன்றும் நல்லதுதான். போர்சலின் மட்டும் சிலவேளை சில்லாகப் பெயரும். தங்க உறை எதிர்ப்பல்லை அதிகம் தேய்க்காது, பல்லையும் குறைவாகவே சீவ வேண்டும். நிறம் பிடித்தால் போடலாம்.

எதைப் போட்டாலும் பெரும்பாலும் கெடுவது உறையல்ல, அதன் விளிம்புக்குக் கீழே இருக்கும் சொந்தப் பல். அங்கே சூத்தை விழுந்தால் மிக விலையான உறையும் கழன்றுவிடும். அந்த இடத்தைத் தினமும் பல்நூலால் துப்புரவாக்க வேண்டும். நித்திரையில் பல் கடிப்பவர்கள் பல்லை மூடும் இரவுக் காப்பு போட வேண்டும்.

நிறம் பார்ப்பதைப் பல்லைச் சீவுவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வாயை நிறைய நேரம் திறந்து வைத்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். அந்த வெளுப்பை நம்பித் தெரிவு செய்தால் உறை மட்டும் தனியாகப் பளிச்சிடும். போன கிழமை புது உறைக்காக அம்மாவை ஜன்னலோரம் இருத்தி, நிறத் தட்டை உதட்டுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார் வைத்தியர். கடல் வெளிச்சத்தில் ஏ2-வும் அதைவிடக் கொஞ்சம் மங்கலான ஏ3-யும் நன்றாகப் பிரிந்து தெரிந்தன. நான் ஏ2-ஐக் காட்டினேன். அம்மா தலையாட்டினார்: "வெள்ளை வேண்டாம் தம்பி, பக்கத்துப் பல்லு மாதிரி இருந்தாக் காணும்."

ஏ3 என்று எழுதிக் கொடுத்தோம்.