திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து சாப்பிடுவது

அக்கா மகன் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் ரூம் எடுத்திருக்கிறான். "மாமா, இங்க எங்க சாப்பிடலாம்?" என்று வாட்ஸப்பில் கேட்டான். நாலு கடைப் பெயரை அனுப்பிவிட்டால் வேலை முடிந்திருக்கும். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று மதியம்தான் அதே பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கொதித்துப்போய் வந்திருந்தேன்.

ருசியைப் பற்றியோ விலையைப் பற்றியோ நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை. மெட்ராஸில் குறைந்த காசுக்கு வயிறு நிறைய, வாய்க்கு ருசியாகச் சாப்பிட இதைவிட நல்ல பேட்டை கிடையாது. பல வருஷமாக அங்கே சாப்பிட்டு வருகிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பிரச்சினை நாற்காலி. அதாவது, நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிற ஆள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மதியம் ஒரு மணிக்கு மெஸ்ஸுக்குள் நுழைகிறவர் காலி இடம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, இருக்காது என்று தெரியும். யார் இலையில் எவ்வளவு சோறு மிச்சம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார். ரசத்தில் இருப்பவரா, மோரில் இருப்பவரா என்று கணக்குப் போட்டு, சீக்கிரம் எழுந்திருப்பார் என்று தோன்றுகிறவருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இது எழுதாத சட்டம். அவர் நின்றுவிட்டால் அந்த நாற்காலி அவருடையது. அதில் உட்கார்ந்திருக்கிற நான் வெறும் வாடகைதாரர்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைப் பெயர் வேண்டாம். பழைய வீட்டின் முன்கட்டில் மேசை போட்டு நடத்துகிற இடம், கைப்பக்குவம் அருமை. சாம்பாரை முடித்து வத்தக்குழம்புக்கு வந்தபோதே ஒருவர் என் நாற்காலி முதுகில் கையை வைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"டேய், நேரா உள்ள வா. இடம் புடிச்சாச்சு. ஒருத்தர் வத்தக்குழம்புல இருக்கார்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் மறுபடியும்: "ரசத்துக்கு வந்துட்டார், நீ வண்டியப் போட்டுட்டு வா." பக்கத்துச் சேப்பாக்கம் மைதானத்தில் பந்துக்குப் பந்து சொல்வார்களே, அப்படி என் சாப்பாடு ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. எனக்கு வீம்பு வந்துவிட்டது. இன்னொரு கரண்டி சோறு போடச் சொல்லி ரசத்தை இரண்டாம் முறை வாங்கினேன். பின்னாலிருந்து ஒரு பெருமூச்சு. பரிமாறுகிறவர், நான் கூப்பிடாமலேயே, மோர் வாளியோடு வந்து நின்றார். "ஊத்தட்டுங்களா சார்?" அந்த ஊரில் இதற்கு, எழுந்திருங்கள் என்று அர்த்தம். மோரைப் பிசையும்போது ஹெல்மெட் வந்தது. என் இலைக்கு ஓரமாக, மேசையில். அதன் வார் என் அப்பளத்தின் மேல் கிடந்தது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், நியாயத்தையும் பேசிவிடுகிறேன். நின்றவருக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு இடைவேளை இருந்திருக்கும். எழிலகம், சென்னைப் பல்கலைக்கழகம், வாலாஜா ரோடு ஆபீஸ்கள், அந்தப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகள், ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பசியோடு இறங்குகிறார்கள். இதற்கு மேல் மேன்ஷன்வாசிகள். மேன்ஷன் ரூமில் ஒரு கட்டில், ஒரு கொடி, ஒரு ஃபேன் இருக்கும், அடுப்பு இருக்காது. வேலை தேடி வந்தவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் எல்லாருக்கும் மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான். மெஸ்காரரிடம் இருப்பதோ ஆறேழு மேசை. விலையை ஏற்றினால் மேன்ஷன் ஆள் வரமாட்டார். ஏற்றாமல் வாடகையும் சிலிண்டரும் கட்ட வேண்டுமென்றால் ஒரு நாற்காலியில் ஒரு மதியத்துக்குள் எத்தனை பேர் உட்கார்ந்து எழுந்தார்கள் என்பதுதான் கணக்கு. நான் குறைந்த காசுக்குச் சாப்பிட முடிவதே பின்னால் ஒருவர் நிற்பதால்தான். எல்லாம் புரிகிறது. ஆனாலும் ஹெல்மெட்டை இலை பக்கத்திலா வைப்பது?

சரி, கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். காலையில் ஆரம்பிக்கிறேன்.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கஃபே. 1948இல் வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் ஆரம்பித்த கடை, பெயர் வாங்கியதோ சாம்பாரில். இட்லி கேட்டால் தட்டில் வைத்து, இட்லி முங்குகிற அளவுக்குச் சாம்பாரை ஊற்றுவார்கள். கரண்டியால் ஓரத்தை வெட்டினால் உள்ளே வரைக்கும் ஊறியிருக்கும். தட்டில் குறைந்தால் மறுபடி ஊற்றுவார்கள், முகம் சுளிக்க மாட்டார்கள். இட்லிக்குச் சாம்பாரா சாம்பாருக்கு இட்லியா என்று கேட்டால், அங்கே இரண்டாவதுதான். விடிந்த கையோடு போய்விட வேண்டும். பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு, டபராவில் ஆற்றிக் காபி குடிக்கலாம். பார்சல் மட்டும் வாங்காதே. ரூமுக்கு வந்து பிரிக்கும்போது இட்லி வேறு, சாம்பார் வேறாகக் கிடக்கும், அந்த ஊறல் வராது.

மதியத்துக்கு, அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ். இந்த இடத்தைப் பற்றி மட்டும் எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதுவேன், அதுவும் சாப்பாட்டுக்காக அல்ல. அங்கே டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்க வேண்டும். எண்ணைக் கூப்பிட்டால் உள்ளே போகலாம். அவ்வளவுதான் ஏற்பாடு. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வரிசை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதை யோசித்துப் பார். தெருவில் வெயில் கொளுத்தும், நிழலுக்குச் சண்டை போட வேண்டும், எண் வருகிற வரைக்கும் பசி குடலைப் பிடுங்கும். எல்லாக் கஷ்டமும் வெளியே. உள்ளே உட்கார்ந்துவிட்டால் என் முதுகு என்னுடையது. அப்பளத்தை எப்போது நொறுக்குவது, கூட்டை எந்தக் குழம்போடு சேர்ப்பது, தயிரை விட்டுக்கொண்டு ஊறுகாயைத் தொடுவதா வேண்டாமா என்பதையெல்லாம் நானே முடிவு செய்துகொள்வேன். பல சைவ மெஸ்களில் இதே அளவுக்கு நல்ல சமையல் உண்டு. ஒரு டோக்கன் கட்டு வாங்கி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? மற்றவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மீன் வேண்டுமென்றால் சேப்பாக்கம் பக்கம் முகமது அப்துல்லா சாகிப் தெருவில் நாயர் மெஸ், 1961இலிருந்து இருக்கிறது. மேட்ச் நாளில் அந்தச் சந்துப் பக்கமே போகாதே. மைதானத்திலிருந்து நடக்கிற தூரம் என்பதால் மஞ்சள் சட்டைக்காரர்கள் தெருவை அடைத்துக்கொள்வார்கள். மற்ற நாளில், இலையில் சோறு, மீன் குழம்பு, கூட ஒரு வஞ்சிரம் வறுவல். வஞ்சிரம் கையைக் கடித்தால் நெத்திலி சொல். முள்ளோடு மென்று தின்கிற வயது உனக்கு.

பிரியாணிக்கு நான் பெயர் சொல்ல மாட்டேன். இந்தப் பேட்டையில் ஆளாளுக்கு ஒரு பாய் கடை உண்டு, சொன்னால் சண்டை வரும். மாசக் கடைசியில் குஸ்கா வாங்கிக்கொள். பீஸ் இல்லாத பிரியாணிச் சோறுதான், ஆனால் தம் போட்ட அண்டாவின் அடியிலிருந்து எடுத்தால் பீஸ் வைத்த பிரியாணியைவிடக் குஸ்கா நன்றாயிருக்கும். அண்டா பாதியாகும் நேரம் பார்த்துப் போவதுதான் சூட்சுமம். கத்திரிக்காய் பச்சடியைக் கேட்டு வாங்கு, கேட்காமல் கொஞ்சமாகத்தான் வைப்பார்கள். மவுண்ட் ரோடு வரை நடக்கத் தெம்பிருந்தால் புகாரி. 1951இல் ஆரம்பித்தது, சிக்கன் 65 பிறந்த இடம் என்ற பெயர் அதற்கு உண்டு. அது மெஸ் கணக்கில் சேராது, சம்பளம் வந்த அன்றைக்குப் போக வேண்டிய இடம்.

இதில் ஒன்று கவனித்தேன். நின்று சாப்பிடுகிற இடங்களில் எனக்குக் கோபமே வந்ததில்லை. பாரதி சாலையில் ராத்திரி முளைக்கிற கையேந்தி பவனில் தட்டை ஏந்தி நின்றபடி இட்லியும் கார சட்னியும் சாப்பிட்டிருக்கிறேன், முழங்கை முழங்கையோடு இடிக்கும், ஒன்றும் தோன்றாது. அம்மா உணவகமும் அப்படித்தான். 2013இல் ஆரம்பித்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். உயரமான மேசையில் தட்டை வைத்து நின்றபடி சாப்பிட்டுப் போகிறார்கள். எல்லாரும் நின்றால் யாரும் யாருக்குப் பின்னாலும் நிற்பதில்லை. பார்த்தசாரதி கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையோடு தூண் ஓரம் நின்று நெய் விரலில் வழியச் சாப்பிடும்போது எவன் வந்து இடம் கேட்கிறான்?

ரமலான் மாதத்தில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கம் சாயங்காலம் ஒரு தடவையாவது போய்ப் பார். மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்திக்காரர்கள் பல பத்து வருஷமாக நோன்பு திறப்பதற்குச் சைவ உணவு சமைத்துக் கொண்டுவந்து தங்கள் கையாலேயே பரிமாறுகிறார்கள். வரிசையாகத் தரையில் உட்காருகிறார்கள், பரிமாறுகிறவர்கள் வரிசைக்கு முன்னால் நடக்கிறார்கள். அத்தனை கூட்டத்தில் அந்த ஒழுங்கு. ஆறு மேசை மெஸ்ஸில் வரமாட்டேன் என்கிறது.

பார்சல் வாங்கி ரூமில் சாப்பிடலாமே என்பாய். செய்து பார்த்தாயிற்று. 2019 ஜனவரி 1இலிருந்து பிளாஸ்டிக் தடை வந்த பிறகு டப்பாவுக்குத் தனிக் காசு போடுகிற கடைகள் கூடிவிட்டன. சாப்பாட்டுப் பார்சல் என்றால் சோற்றை ஒரு பொட்டலமாக அமுக்கிக் கட்டித் தருவார்கள், பிரித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும். ரசம் கட்டாயம் ஒழுகும். அதோடு மேன்ஷனில் கை கழுவுகிற இடத்தில் பருக்கை கிடந்தால் மேனேஜர் சத்தம் போடுவார்.

நேரம் மாற்றிப் போவது ஒரு வழி. பன்னிரண்டேகாலுக்குள் போய்விட்டால் நாற்காலியும் இருக்கும், பொரியலும் சூடாக இருக்கும். ஆபீஸ்காரனுக்கு இது நடக்காது. இரண்டரைக்கு மேல் போனால் பின்னால் ஆள் இருக்காது, ஆனால் "கூட்டு முடிஞ்சிருச்சு சார், ஊறுகாய் வெச்சுக்குங்க" என்பார்கள். கூட்டுக்கு ஊறுகாய் எப்படி ஈடாகும் என்று நான் கேட்டதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

ஆகவே தீர்ப்பு. சாம்பாருக்கு இந்தப் பேட்டைக்கு நிகர் இல்லை, காசுக்கு நிகர் இல்லை, பரிமாறுகிறவர்கள் தங்கமான மனுஷர்கள். மதியச் சாப்பாட்டுக்கு நான் போகச் சொல்ல மாட்டேன். டோக்கன் கொடுக்கிற இடத்தில் எண் சீக்கிரம் வரும் போலிருந்தால் போ, இல்லையென்றால் ஆபீஸ் கேன்டீன். சாம்பார் தண்ணியாக இருக்கும், பீன்ஸ் நாராக இருக்கும், பரவாயில்லை, சுவரோரம் பார்த்து உட்கார். இதைப் படித்துவிட்டு "சும்மா மிகைப்படுத்துகிறார்" என்று சொல்கிறவர்கள் வத்தக்குழம்பில் இருக்கும்போது அவர்கள் அப்பளத்தின் மேல் ஒரு ஹெல்மெட் வார் விழட்டும், அப்புறம் பேசலாம்.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பல மெஸ்களில் அடுப்பு எரியாது. அன்றைக்குக் கையேந்தி பவன்தான், எட்டரைக்குள் போய்விடு, கார சட்னி தீர்ந்துவிடும்.