வலுக்கட்டாயமா, தகாத செல்வாக்கா?

பாம்பனில் ஒரு வியாபாரி மீனவரின் வலையை அநியாயமாகப் பிடித்துவைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போட்டாத்தான் தருவேன்" என்றால் அது வலுக்கட்டாயம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 15ஆவது பிரிவு. குற்றச் செயல் செய்வதாக மிரட்டுவதும் இதில் சேரும். சரி, இது எளிது.

தகாத செல்வாக்குதான் (16ஆவது பிரிவு) கைக்குச் சிக்காமல் வழுக்கும். இங்கே மிரட்டலே இருக்காது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய மீனவர், "அண்ணன் சொன்னா சரிதான்" என்று அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொள்வார். கடன் கொடுத்ததாலேயே வியாபாரி தகாத செல்வாக்கைச் செலுத்தியதாக ஆகிவிடாது. மீனவரின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் அவர் இருந்து, அதைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பார்த்திருக்க வேண்டும். அந்த நிலையும் இருந்து, பேரமும் அநியாயமாகத் தெரிந்தால், செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வியாபாரியுடையது. மீனவருக்கு இதுதான் பெரிய பிடி என்பேன்.

இரண்டிலும் ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம்.